எலி கடித்த பெயர்ப் புத்தகம்

இலங்கை மலையகத்து நோர்வூட் கடைத்தெருவில் எங்கள் பேக்கரிக்குப் பின்னால் இருந்த வீட்டில் நின்று "பாத்திமா" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்போம். என் மாமியார், அவர் மகள், மருமகளாக வந்து சேர்ந்த நான். குழப்பத்தைத் தவிர்க்க மாமியைப் பெரிய பாத்திமா என்றும், என் நாத்தனாரைச் சின்ன பாத்திமா என்றும், என்னைப் புது பாத்திமா என்றும் அழைத்தார்கள். கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகியும் நான் புதிதாகவே இருந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் எனக்குப் பிறகு வந்த மருமகள்கூடப் பழசாகிவிட்டாள்.

ஆகவே எனக்கு முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்தபோது நான் ஒன்றே ஒன்றில் உறுதியாக இருந்தேன். இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டால் இந்தப் பிள்ளை மட்டும் திரும்பிப் பார்க்க வேண்டும். மனதுக்குள் பெயரும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். நஸீமா. இளங்காற்று என்று பொருள். எங்கள் இரு குடும்பத்திலும் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

ஆனால் குழந்தைக்குப் பெயர் வைப்பது பெற்றவளின் வேலை என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. நாட்டுக்குக் கிடைத்த சுதந்திரம் பிள்ளை பெற்று நாற்பது நாள் அறைக்குள் படுத்திருப்பவள்வரை வந்து சேரவில்லை. ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, ஓர் ஆடு அறுத்து, பள்ளிவாசல் லெப்பை வந்து குழந்தையின் காதில் பெயரைச் சொல்வார். அதற்குள் பெரியவர்கள் பேசி முடிவெடுப்பார்கள். எனக்குத் தகவல் வரும். அதுதான் வழக்கம்.

என் பக்கம் இருந்த ஒரே ஆள் நாத்தனார். என்னைவிட ஒரு வயது இளையவள். கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அடைந்து கிடந்த அலுப்பில், யார் எந்தக் குறும்புக்குக் கூப்பிட்டாலும் முந்திக்கொண்டு வருவாள். எங்கள் கையில் ஓர் ஆயுதமும் இருந்தது. அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

பேக்கரிக்குப் பணிஸ் ரொட்டி சுற்றிக் கொடுக்க ஹட்டனிலிருந்து பழைய காகிதம் கட்டுக்கட்டாக வரும். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அப்படி வந்த ஒரு கட்டில் அட்டையில்லாத புத்தகம் ஒன்று இருந்தது. பிரித்தால் அரபு எழுத்து. அரபு எழுத்துள்ள காகிதத்தில் பணிஸ் சுற்றுவது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். மாமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். மறுநாள் நாத்தனார் நாற்காலி போட்டு ஏறி எடுத்துப் பார்த்தாள். எழுத்துத்தான் அரபு, மொழி தமிழ். அந்தக் காலத்தில் அறபுத்தமிழ் என்று அப்படி எழுதுவது உண்டு. பெயர்களும் அவற்றின் பொருளும் வரிசையாக இருந்தன. கடைசிப் பகுதியை எலி தின்றிருந்தது. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், நாத்தனார் கொஞ்சம் வேகம். மாமிக்கு எழுத்து வாசனையே கிடையாது என்பது எங்கள் எண்ணம். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைக்கூட அவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார். எந்தப் பத்திரமானாலும் கைநாட்டுத்தான்.

குழந்தை பிறந்த இரண்டாம் நாளே மாமி தன் விருப்பத்தைச் சொன்னார். மறைந்துபோன தன் தாயாரின் பெயரை வைக்க வேண்டும். அந்தத் தாயாரின் பெயரும் பாத்திமா. எனக்குக் காய்ச்சல் வருவதுபோல் இருந்தது. நாலாவது பாத்திமா. அவளை என்னவென்று கூப்பிடுவார்கள்? குட்டிப் பாத்திமாவா, இல்லை நான் பழைய பாத்திமா ஆகி அவள் புது பாத்திமா ஆவாளா?

அன்று மத்தியானம் நாத்தனார் புத்தகத்தைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். பக்கத்தைக் கண்டுபிடித்துப் படித்தோம். பாத்திமா என்றால் பால் மறக்கச் செய்பவள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையைப் பக்குவமாகப் பாலிலிருந்து விலக்கும் தாய் என்று பொருள். எங்கள் மூவருக்கும் அதுதான் பெயர், மூவரில் ஒருவருக்கும் அது தெரியாது.

குழந்தை அந்த இரண்டு நாளும் பால் குடிக்கச் சிரமப்பட்டது. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மருத்துவச்சி அம்மா, பயப்பட ஒன்றுமில்லை, பழகிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள். மாமி கஞ்சி கொண்டுவந்தபோது தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"பாத்திமான்னா பால மறக்கடிக்கிறவன்னு அர்த்தமாம்மா. இது ஏற்கெனவே குடிக்க மாட்டேங்குது. அந்தப் பேரையும் வச்சா..."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. மாமி கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுக் குழந்தையைக் குனிந்து பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. பொய் சொல்லவில்லை என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். உண்மையில் பாதியைச் சொன்னோம், அவ்வளவுதான்.

நாலாம் நாள் தலவாக்கலையிலிருந்து மாமியின் அக்கா வந்தார். பஸ்ஸில் ஒரு சேவலையும் குழந்தைக்கு இரண்டு வெள்ளி வளையலையும் கொண்டுவந்தார். எல்லோருக்கும் அவர் பெரிய மாமி. பிள்ளைகள் இல்லாதவர். பம்பாயில் இளமைக்காலம் முழுக்க வியாபாரம் பார்த்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர். தன் பெயரை இந்தக் குழந்தைக்கு வைத்தால் தனக்குப் பிறகும் அந்தப் பெயர் இருக்கும் என்று வந்ததும் சொன்னார். கேட்கிற விதத்தில் கேட்டார். கொடுக்காமல் இருக்க மனம் வராது. அவர் பெயர் மைமூன்.

நாத்தனார் புத்தகத்தை எடுத்து வந்தாள். அதில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி: அரபில் பாக்கியம் பெற்றவள். இரண்டாம் வரி: பார்ஸி என்ற பாரசீக மொழியில் குரங்கு.

வேண்டாம் என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன வேண்டாமை அவள் வேண்டாமாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் பெரிய மாமி என் கட்டிலோரம் உட்கார்ந்து குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஊர்ச்சேதி சொல்வதுபோல இரண்டாம் வரியை மட்டும் சொல்லிவிட்டாள்.

பெரிய மாமி அதிர்ச்சியடைவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் யோசித்தார். நெடுநேரம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பம்பாய்ல பார்ஸிக்காரங்க இருப்பாங்களா புள்ள?"

இருப்பார்கள் என்றாள் நாத்தனார். பெரிய மாமி தலையாட்டினார்.

"அதான் அந்த மனுசன் முப்பது வருசமா என் பேரச் சொல்லிக் கூப்பிடுறப்பெல்லாம் சிரிச்சுக்கிட்டே கூப்பிடுவாரு. நான் பாசம்னு நெனச்சேன்."

எனக்கு அடிவயிற்றில் தையல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அன்று பிரிந்திருக்கும். முகத்தைப் போர்வைக்குள் புதைத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்குப் பெரிய மாமி ராச்சாப்பாட்டைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. நாத்தனாரும் சும்மாவே அலுமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அப்போதே போய் முதல் வரியையும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மைமூன் என்ற பெயரே கெலித்துவிடும் என்று பயந்து சும்மா இருந்துவிட்டோம்.

ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் வாய் திறந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். மாவு பிசைகிறவர், புருவத்தில்கூட மாவு இருக்கும். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பயான் உரையில் எகிப்தின் பிர்அவுன் மன்னனின் மனைவியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்த அரசியின் பெயர் ஆஸியா. மகளுக்கு அதை வைக்கலாமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

இதற்கும் புத்தகத்தில் விடை இருந்தது. ஆஸியா என்றால் சொல்பேச்சுக் கேளாதவள். நபிகள் ரசூலுல்லாஹ் காலத்தில் அந்தப் பெயருடன் வந்த ஒரு பெண்ணுக்கு அவர்கள் ஜமீலா, அதாவது அழகி என்று மாற்றி வைத்ததாகவும் குறிப்பு இருந்தது. புத்தகத்தின் முன்பக்கங்களில் இன்னொரு ஆஸியா இருந்ததையும் நாங்கள் பார்த்தோம். அதன் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், அரபில் வேறு வேறு. அந்த இன்னொன்றை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. சொல் கேளாதவள் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னையும் குழந்தையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்ப வேணாம்" என்று மாவு பிசையப் போய்விட்டார்.

ஆறாம் நாள் லெப்பையே ஒரு பெயர் சொல்லி அனுப்பினார். கதீஜா. நபிகளின் முதல் துணைவியாரின் பெயர். அதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? நாத்தனார் புத்தகத்தைப் புரட்டிவிட்டு முகம் சிவந்துபோய் என்னிடம் நீட்டினாள். மாதம் நிறையுமுன் பிறந்தவள் என்று இருந்தது. பொழுதுக்கு முந்திப் பிறந்த ஒட்டகக் குட்டியைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்ததாம்.

எனக்குக் கல்யாணமாகிச் சரியாகப் பத்தாம் மாதம் குழந்தை பிறந்தது. கடைத்தெருப் பெண்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, கணக்கு நேராக வந்ததில் கொஞ்சம் ஏமாந்தும் போயிருந்தார்கள். இப்போது மாதம் நிறையாமல் பிறந்தவள் என்று நாங்களே பெயர் வைத்தால் மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காது சிவக்க லெப்பையிடம் போய்ச் சொன்னார். லெப்பை இரண்டு தடவை இருமிவிட்டு, குடும்பத்தார் விருப்பமே தம் விருப்பம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

களத்தில் இப்போது யாரும் இல்லை. அன்று சாயங்காலம் நான் வெகு அடக்கமாக, நஸீமா என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது எப்படி என்று நாத்தனார் மூலம் சொல்லி அனுப்பினேன். யாரும் மறுக்கவில்லை. மாமிகூட "பாக்கலாம்" என்றுதான் சொன்னார். நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தூங்கினோம்.

ஏழாம் நாள் காலை மழை. முன்பக்க ஹோலில் லெப்பையும் சொந்தக்காரர் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அறை வாசலில் திரைக்குப் பின்னால், நாத்தனார் என் பக்கத்தில். குழந்தைக்கு முடி இறக்கியாயிற்று. மொட்டைத் தலையோடு அது மாமியின் மடியில் அமைதியாக இருந்தது. அந்த வாரத்தில்தான் பால் குடிக்கப் பழகியிருந்தது. லெப்பை பெயர் என்னவென்று கேட்டார்.

மாமி குழந்தையைத் தன் அக்காவிடம் கொடுத்தார். உள்ளே போய் நாற்காலி போட்டு ஏறி அலுமாரி மேலிருந்த புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் நாங்கள் அடையாளத்துக்குச் சொருகியிருந்த பஸ் டிக்கட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. மாமி பாயில் உட்கார்ந்து ஒரு டிக்கட் இருந்த இடத்தில் பிரித்து, கண்ணாடிகூட இல்லாமல், தடங்கல் இல்லாமல் படிக்கத் தொடங்கினார்.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. மாமிக்குத் தமிழ் எழுத்துத்தான் தெரியாது. சின்ன வயசில் குர்ஆன் ஓதப் படித்தவர், தினமும் ஓதுகிறவர். அரபு எழுத்தில் தமிழ் இருந்தால் அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எழுத்துக்கூட்டிப் படித்த நாங்கள் இருவரும் அவரை எழுத்தறியாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் மைமூனைப் படித்தார். அக்காவைப் பார்த்துக்கொண்டே படித்தார். பாக்கியம் பெற்றவள். பிறகு இரண்டாம் வரியையும் விடாமல் படித்தார். குரங்கு. ஹோலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மாமி லெப்பையிடம் திரும்பி, இது எப்படி என்று கேட்டார்.

லெப்பை விஷயம் தெரிந்தவர். குரங்கு முகத்தில் முழித்தால் ஆகாது என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் நினைத்தார்களாம். அதனால் அதன் பெயரைச் சொல்லாமல் பாக்கியசாலி என்று மங்கலமாகச் சொல்லப்போய், கடைசியில் அதுவே குரங்குக்குப் பெயராகிவிட்டது என்று விளக்கினார். பெயர் குரங்கிடமிருந்து வரவில்லை, குரங்குதான் பெயரை எடுத்துக்கொண்டது என்றார்.

மாமி அக்காவிடம் சொன்னார்: "நாம நல்ல பாம்புன்னு சொல்லலையா? அது மாதிரி. நல்லங்கிற வார்த்தைக்கு என்ன கொறச்ச வந்துருச்சு?"

பெரிய மாமி குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவினார். பிறகு தட்டிலிருந்த வட்டிலப்ப இனிப்பில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மூன்று நாளில் அவர் விருப்பத்தோடு சாப்பிட்டது அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

அடுத்து பாத்திமா. பிள்ளையைப் பக்குவமாகப் பாலிலிருந்து விலக்கும் தாய் என்று முழுசாகப் படித்துவிட்டு மாமி திரையைப் பார்த்துச் சொன்னார்.

"பால் மறக்கடிக்கிறவன்னா தாய்தான், புள்ள இல்ல. எங்கம்மா பேருக்கு இந்த ரெண்டும் சேந்து என்ன அர்த்தம் சொல்லுச்சுக தெரியுமா?"

அதை யாருக்கும் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மூன்றாவது ஆஸியா. இரண்டு ஆஸியாவையும் படித்தார். அரபு எழுத்தில் அலிபும் ஸீனும் போட்டு எழுதினால் அந்த அரசி. ஐனும் ஸாதும் போட்டு எழுதினால் சொல் கேளாதவள். லெப்பை ஆமோதித்தார். அரசியின் பெயருக்கு ஆற்றுகிறவள், நோய்க்கு மருந்திடுகிறவள் என்று சிலர் பொருள் சொல்வதாகவும், அது அரபே இல்லை, வேறு தேசத்துப் பழைய பெயர் என்று வேறு சிலர் சொல்வதாகவும் கூறினார்.

"அந்தம்மா புருசன் சொல்லக் கேட்டாங்களா லெப்ப?" என்று மாமி கேட்டார்.

லெப்பை தயங்கினார். பிர்அவுன் கொடியவன், தன்னையே கடவுள் என்றவன், அவன் சொல்லை அந்த அம்மையார் கேட்கவில்லை, கேட்காததால்தான் அவருக்குச் சிறப்பு என்றார்.

"அப்ப சொல்பேச்சுக் கேக்காதவதான். எப்புடி எழுதினாலும் இந்த வீட்டுக்குப் பொருந்தும். அதையே வைங்க."

நாத்தனார் என் காதில், நஸீமா என்றாள். எனக்கும் நினைவு வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து, பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பேசக் கூடாது என்பதையும் மறந்து, நஸீமா என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டேன்.

மாமி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். ஓரமெல்லாம் எலிப் பல்.

"நஸீமாவோட நூன் எழுத்து வர்ற பக்கத்த எலி தின்னுருச்சு. அர்த்தம் தெரியாம எப்புடிம்மா பேரு வைக்கிறது?"

இளங்காற்று என்றுதான் பொருள் என்று நான் முணுமுணுத்தேன். நோர்வூட்டில் இல்லாத காற்றா என்று மாமி கேட்டார். வெளியே அப்போது தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஹோலில் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரின் சிரிப்புத்தான் முதலில் கேட்டது. லெப்பை குழந்தையை வாங்கி அதன் காதில் ஆஸியா என்று சொன்னார்.

விருந்து முடிந்து வெளியார் எல்லோரும் போன பிறகு மாமி என் அறைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து அழத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இனி அந்தப் புத்தகத்தைப் படிப்பதானால் மூவரும் சேர்ந்தே படிக்கலாம், நாங்கள் படிக்கிற வேகத்துக்கு எலியே முந்திவிடும் என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனாரை எழுப்பி, பெரிய மாமியிடம் மன்னிப்புக் கேட்கக் கூட்டிக்கொண்டு போனார். கேட்டாள். பெரிய மாமி அவளை மன்னித்தார், ஆனால் தலவாக்கலைக்குத் திரும்பியதும் தன் கணவருக்கு ஒரு வாரம் பதில் பேசவில்லை என்று சேதி வந்தது. பார்ஸியே தனக்குத் தெரியாது, தான் சிரித்ததெல்லாம் வெறும் சிரிப்பு என்று அந்த மனுஷர் சத்தியம் பண்ணியும் அவர் நம்பவில்லையாம்.

அடுத்த மாதம் பிறப்பைப் பதிய என் வீட்டுக்காரர் போனார். பதிவுகாரர் சிங்களவர், நல்ல மனிதர். பெயரைக் கேட்டு ஆங்கிலத்தில் நாலே எழுத்தில் எழுதிவிட்டு, பேனாவை நிறுத்தி, ஒரு கண்டம் முழுவதையுமா பிள்ளைக்கு வைக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாராம். என் வீட்டுக்காரர் அரசாங்க உத்தியோகத்தரிடம் எதற்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். "ஓவ் மாத்தயா", ஆமாம் ஐயா, என்று சொல்லிவிட்டு வந்தார். பிற்காலத்தில் என் மகள் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திர வகுப்பில் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு ஆமாம்தான் காரணம். சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டாலே வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்க்குமாம்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்குள் நாத்தனார் கல்யாணமாகி லிந்துலைக்குப் போய்விட்டாள். நானும் மாமியும் இந்த முறை முன்னேற்பாடாக இருந்தோம். பிரசவத்துக்கு முன்பே புத்தகத்தில் எலி விட்டுவைத்த ஆண் பெயர்களை ஆராய்ந்து, ஆளுக்கொரு பெயரைத் தேர்ந்து, ஆளுக்காள் மற்றவர் பெயரில் குற்றமும் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

பிறந்த மூன்றாம் நாள் நான் பேச்சை ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, பெயர் வைத்தாயிற்று என்றார். பிறந்த அன்று காதில் பாங்கு சொல்ல லெப்பையைக் கூட்டி வந்தபோதே அதையும் முடித்துவிட்டாராம். நான் அசதியில் தூங்கிக்கொண்டிருந்தேன். மாமி அடுப்படியில் இருந்தார். ஏழாம் நாள் வரை பொறுக்கக் கூடாதா என்று மாமி கேட்டதற்கு, முதல் நாளும் வைக்கலாம் என்று லெப்பையிடம் கேட்டுக்கொண்டுதான் செய்ததாகச் சொன்னார்.

"என்ன பேரு?" என்று நானும் மாமியும் ஒன்றாகக் கேட்டோம்.

"ஸாபிர்" என்றார். பொறுமைசாலி என்று பொருள், அதையும் லெப்பையிடமே கேட்டுவிட்டேன், அலுமாரியில் ஏற வேண்டாம் என்றார்.

பிறகு அவர் வாழ்க்கையிலேயே எங்கள் இருவரையும் பார்த்துப் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினார்.

"இந்த வீட்ல ஒருத்தருக்காவது அது இருக்கட்டும்னுதான் வச்சேன்."

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பெயரில் சொல்ல ஒரு குறையும் அகப்படவில்லை. தொட்டிலில் கிடந்தவன் பாலுக்கு வீரிட்டான். எடுத்து வாயில் வைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கடைக்குக் கேட்குமளவு கத்தித் தீர்த்துவிட்டான்.